லீக்ஸுக்கு முடி வெட்டுகிறவர்

“தலையை நேரா வைங்க” என்கிறார் அத்தான். நாற்காலியில் ஆள் இல்லை. கடையின் ஷட்டரை இன்னும் தூக்கவும் இல்லை. ஜன்னலோரப் பலகையில் ஓர் இழுப்பறை இருக்கிறது, பழைய அலமாரியிலிருந்து உருவியது. அதற்குள் காகிதக் குவளைகள் நெருக்கமாக நிற்கின்றன. குவளைக்கு ஒரு லீக்ஸ் நாற்று. இடது கையின் இரண்டு விரலால் நாற்றின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, வலது கைக் கத்தரியால் நுனியை நறுக்குகிறார். ஒரு விரல் உயரம் நிற்கிறது, மீதி விழுகிறது. பிறகு அடித்தண்டில் மெதுவாக ஊதுகிறார், முடி வெட்டி முடித்தவரின் பிடரியில் ஊதுவதுபோல. அடுத்த குவளைக்குப் போகிறார். “தலையை நேரா வைங்க.”

இப்படி நறுக்கினால்தான் நாற்று தடிக்கும் என்கிறார். விட்டுவிட்டால் நூல்போல நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சீக்குக்கோழி மாதிரி ஆகிவிடுமாம். நறுக்கிய நுனிகள் பலகையில் பச்சையாகச் சிதறிக் கிடக்கும். கடை முழுக்க வெங்காய வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வரும்.

இவ்வளவும் செய்யும்போது அவருடைய தாடை நெஞ்சில் ஒட்டியே இருக்கிறது. வேலைக்காகக் குனிந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். எப்போதும் அப்படித்தான். நடக்கும்போதும், சாப்பிடும்போதும், என்னோடு பேசும்போதும். முன்பெல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். இப்போது செருப்பைப் பார்த்துப் பேசுகிறார். வாசலில் நிழல் விழுந்ததும், “வாங்க, லேஸ் அவுந்து கிடக்கு, தடுக்கிடப் போறீங்க” என்பார். உயரமான ஸ்டூல் ஒன்று செய்யச் சொல்லி, அதன்மேல் உட்கார்ந்து வெட்டுகிறார். கீழே பார்த்தால் தலை தெரிகிறது, அதுபோதும் என்கிறார். ஷேவிங்கை மட்டும் விட்டுவிட்டார்.

புதிதாக வருகிறவர்கள், தொழில் பார்த்துப் பார்த்துக் கழுத்து இப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று பரிதாபப்படுவார்கள். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவோம்.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். கீழே சலூன், மேலே வீடு. படி ஏறியதும் இருக்கிற சின்ன அறையில் நான் இருக்கிறேன். கடைத் துண்டுகளையும் போர்த்துகிற வெள்ளைத் துணிகளையும் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுப்பது என் வேலை. அதனால் கடைக்குள் ஒரு நாளைக்குப் பல தடவை போய்வருவேன். நான் எழுதுவதெல்லாம் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தவைதான்.

லீக்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெங்காயத்துக்கு அது தங்கை முறை. அடியில் குண்டு கிடையாது. வெள்ளையாக நீளமாக ஒரு தண்டு, அதன்மேல் பட்டையாகப் பச்சை மடல்கள். வளர்வதற்கு அவசரமே படாது. வெளியே மண் விறைத்துக் கிடக்கும் மாதத்திலேயே வீட்டுக்குள் விதைத்துவிட வேண்டும். அப்போதுதான் வெயில் வரும்போது நடுவதற்கு ஆளாகி நிற்கும். விதை கறுப்பாக, முனை முனையாக இருக்கும். “ரெண்டு நாள் தாடியை மழிச்சு உதறின மாதிரி இருக்கு பாரு” என்பார் அத்தான். குவளைக்கு மூன்று விதை போட்டு, மண் தூவி, பின்னறையிலிருக்கும் வெந்நீர் ஹீட்டரின் தலையில் இழுப்பறையை வைத்து, ஈரத்துண்டால் மூடுவார். முளைத்ததும் ஜன்னலோரப் பலகைக்கு மாற்றி, ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார். “ஒரு நாற்காலியில ஒரு ஆள்தான் உக்கார முடியும்.”

முளைக்கும்போது அது நேராக வராது. கொண்டை ஊசிபோல இரண்டாக மடிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வரும். தலை மண்ணுக்குள்ளேயே இருக்கும். பிறகு ஒரு நாள் தலையை உருவிக்கொண்டு நிமிரும். நுனியில் கறுப்பு விதைத்தோல் ஒட்டியிருக்கும், தொப்பி போட்டதுபோல. அந்த நேரத்தில் இழுப்பறையைப் பார்த்தால், தொப்பியோடு முறைக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரியே இருக்கும். கண்ணாடியில் இன்னொரு வரிசை தெரியும். துண்டு வைக்கப் போகிற நான், எத்தனையோ தடவை, யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

நிமிரத் தாமதமானால் நமக்குக் கை பரபரக்கும். அத்தான் விடமாட்டார். “கை வைக்காதே. நீ இழுத்தா தலை அறுந்துடும். அதுவா நிமிரணும்.”

அவருடைய விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்கள். அவற்றைத் தாடைக்கு அடியிலோ நெற்றிப்பொட்டிலோ லேசாக வைப்பார். அழுத்தவே மாட்டார். ஆனால் எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளும் தலையைத் திருப்பிவிடுவார். முடியைத் தொட்டே ஆளைச் சொல்லுவார். ஒரு தடவை அக்கா, “கண்ணை மூடுங்க, இது யாருது சொல்லுங்க” என்று தரை துடைக்கிற மாப்பின் நூலைக் கையில் வைத்தாள். அத்தான் தடவிப் பார்த்துவிட்டு, “உன் தங்கச்சி. எண்ணெயே வைக்கிறதில்லை” என்றார். அக்கா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முடியை மண்ணில் போடுகிற வழக்கம் முதலில் சிக்கனத்தில் வந்ததுதான். முடியில் சத்து இருக்கிறது, குப்பையில் போடுவானேன் என்று நினைத்தார். வழக்கமாக வருகிறவர்களின் முடியைத் தனித்தனியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து, ஒவ்வொரு குவளையின் அடியிலும் போட்டு, மேலே மண் நிரப்பினார். குவளைகூட அவரவர் டீ குடித்துவிட்டு வைத்ததுதான். பெயர் எழுதவில்லை. பெஞ்சில் யார் எங்கே உட்காருவார்களோ அதே வரிசையில் இழுப்பறையிலும் வைத்தார். இந்த மூலை பேக்கரிக்காரர், அதற்குப் பக்கத்தில் டியூஷன் வாத்தியார், அடுத்து எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன், இப்படி.

அந்த வருஷம் கடையில் ஒரே கேலிதான்.

“என்னப்பா, என் ஆள் எப்படி இருக்கான்?” என்று கேட்டுக்கொண்டே நுழைவார் பேக்கரிக்காரர்.

“உங்களை மாதிரியேதான். காலையிலேயே சாய்ஞ்சு நிக்கிறான்.”

“வாத்தியார் ஆளு?”

“அவன் மட்டும் நுனியை வெட்டினா முறைக்கிறான்.”

“முறைக்கிறதுக்கு யாரும் அவனுக்கு ஃபீஸ் குடுக்க மாட்டாங்கன்னு சொல்லு” என்பார் வாத்தியார்.

வெயில் வந்ததும் கடைக்குப் பின்னால் சுவரோரம் நட்டார். துடைப்பக் கட்டையால் ஆழமாகக் குழி குத்தி, நாற்றைக் கழுத்துவரை உள்ளே விடுவார். குழியை மூடமாட்டார், தண்ணீர் மட்டும் ஊற்றுவார். மண் தானாகச் சரிந்து மூடிக்கொள்ள வேண்டுமாம். வெளிச்சம் படாத பகுதிதான் வெள்ளையாகும். வளர்ந்தபின் பிடுங்கி, அவரவரிடம் அவரவர் லீக்ஸைக் கொடுத்தார். “நேத்து என்னையே சூப் வச்சுக் குடிச்சேன். உப்புதான் ஒரு கல்லு கம்மி” என்றார் வாட்ச்மேன். அக்கா மட்டும் அதைச் சமையலறைக்குள் சேர்க்கவில்லை. “யாரு முடியோ, யாரு தலையோ.”

மறு வருஷமும் அப்படியே விதைத்தார். ஒரு காலையில் துண்டோடு போனேன். அத்தான் இழுப்பறைக்கு முன்னால் கத்தரியோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேனின் நாற்று விழுந்து கிடந்தது. மடல் எல்லாம் பச்சையாகவே இருந்தது. ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் கழுத்து இறுகி, யாரோ நூலால் சுருக்குப் போட்டதுபோல் இருந்தது. பக்கத்து நாற்றுகளுக்கு ஒன்றும் இல்லை.

“ஈரம் ஜாஸ்தி ஆயிருச்சு, அவ்வளவுதான்” என்றார் அத்தான். பிறகு ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். வாசலில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் கைப்பிடியில் அவருடைய தொப்பி மாட்டியிருந்தது. மதியம்வரை அந்தத் தொப்பியை யாரும் எடுக்கவில்லை. மதியம் செய்தி வந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

ஈரம் என்பதைத்தான் நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். பிறகு வாத்தியாருடைய நாற்று நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். “இவனுக்கு ரத்தம் பத்தலைப்பா” என்று சிரித்தார். அடுத்த தடவை வந்தபோது சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டார். நாற்றும் மெல்லப் பச்சை பிடித்தது.

அதற்குப் பிறகு கடை மாறிப்போனது. முடி வெட்ட வராதவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேச மாட்டார்கள். இழுப்பறையையே பார்ப்பார்கள். கதவு திறக்கும்போது வருகிற காற்றில் நாற்றுகள் எல்லாம் ஆடுவதுதான் இயல்பு. ஆனால் உள்ளே வருகிறவருடைய நாற்று மட்டும் ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஜன்னல் இடுக்கு, காற்று எப்படியோ வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றேன். அந்த இழுப்பறையைப் பார்த்து நான் கும்பிடவில்லை. அதன் பக்கத்தில் நின்று கடவுளைக் கும்பிட்டேன். வரிசையாக ஒவ்வொருவரையும் நினைத்துக் கேட்டுக்கொண்டேன்.

பேக்கரிக்காரர் ஒரு நாள், “என்னுதுல ஒரு மடல் மடிஞ்சிருக்கே, என்ன அர்த்தம்?” என்று கேட்டார். அத்தானுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். “நான் முடி வெட்டுறவன். ஜோசியக்காரன் இல்லை. தலையைக் காட்டுங்க, வெட்டுறேன். மத்ததைக் கேக்காதீங்க” என்று சொல்லி, இழுப்பறையின்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

மூன்றாவது வருஷம் முடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெறும் மண். புதுக் குவளைகள். ஹீட்டர் இருக்கிற பின்னறையின் கதவைச் சாத்தியும் வைத்தார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. இனி இது வெறும் காய்தான் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கழுத்தைச் சுற்றித் துணி போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். குளிர் என்றாள். ஊரார் கழுத்தையெல்லாம் பார்க்கிற மனுஷர் வீட்டிலிருக்கிற கழுத்தைப் பார்க்கவில்லை. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அவளே சொன்ன பிறகுதான் அத்தான் துணியை விலக்கிப் பார்த்தார். இரண்டு விரலை வைத்தார். கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. விரலை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார். “எவ்வளவு நாளா?” என்று கேட்டார். அக்கா, “நீங்க பிஸியா இருந்தீங்க” என்றாள்.

டாக்டர் அறுத்து எடுத்துவிடலாம் என்றார். எடுத்த பிறகுதான் அது என்ன கட்டி என்று சொல்ல முடியும் என்றார். கழுத்தில் முக்கியமான நரம்பெல்லாம் ஓடுகிற இடம், பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றார். அக்கா வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் கழுத்துத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு காலையில் அத்தான் ஹீட்டர்மேல் இருந்த ஈரத்துண்டை விலக்கினார். குவளைகளில் முளைகள் முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தன. மூலையில் ஓர் இடத்தை அவர் காலியாக விட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு குவளை இருந்தது. பூப்போட்ட குவளை, மேலே எங்கள் வீட்டில் பல் துலக்க வைத்திருப்பது. அத்தான் அதை எடுத்து, ஓரத்து மண்ணை இரண்டு விரலால் கிள்ளித் தேய்த்தார். ஒரு முடி வந்தது. இழுக்க இழுக்க நீளமாக வந்துகொண்டே இருந்தது. பாதி கறுப்பு, பாதி நரை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முடியைத் தடவிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

குவளையோடு மாடிக்கு வந்தார். அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“யாரு வச்சது இது?”

“நான்தான். என்ன இப்போ?”

“எதுக்கு?”

“டாக்டர் சொல்றது எனக்குப் புரியலை. உங்க குவளை சொல்றது புரியும்.”

“நான் தூக்கிப் போட்டுடுவேன்.”

“போடுங்களேன் பாக்கலாம்” என்றாள் அக்கா, கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அத்தான் குவளையைக் கவிழ்க்கிற மாதிரிப் பிடித்தார். உள்ளே ஒரு முளை வந்திருந்தது. குண்டூசி அளவுக்குப் பச்சை, இரண்டாக மடிந்து. மெதுவாகக் குவளையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். ஒரு பொடி மண்கூடச் சிந்தவில்லை.

மற்ற நாற்றுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தலையை உருவிக்கொண்டு நிமிர்ந்தன. பூக்குவளையில் இருந்தது நிமிரவில்லை. முதுகு தடித்தது, பச்சை கூடியது, தலை மட்டும் மண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அத்தான் முடி வெட்டுவதற்கு நடுவிலேயே பின்னறைக்குப் போய்வருவார். நாற்காலியில் அரை மொட்டையோடு உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருநாள் அவர் கையில் சிமிட்டாவைப் பார்த்தேன், மூக்கு முடி பிடுங்குகிற சின்ன இடுக்கி.

“அத்தான், கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க” என்றேன்.

“கை வைக்கலை” என்றார். “சிமிட்டாவைக் கையில வச்சிருக்கேன், அவ்வளவுதான்.”

அக்கா தினமும், “நிமிர்ந்துட்டேனா?” என்று மாடியிலிருந்தே கேட்பாள். அத்தான், “கொஞ்சம் கொஞ்சமா” என்று பொய் சொல்லுவார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது மாடிக்கும் கடைக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்குச் சேர்த்த காலையில் மூன்று பேரும்தான் போனோம். அக்காவுக்கு நீலச் சட்டை மாட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். அத்தான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

“போங்க” என்றாள் அக்கா. “இங்கே நின்னு என்ன பண்ணப் போறீங்க. போய் என்னைப் பாத்துக்கோங்க.”

நர்ஸ் பெண் நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். அத்தான் போய்விட்டார்.

அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நீளமான நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கடவுளிடம் நிறைய வார்த்தை சொல்லத் தெரியாது எனக்கு. அவளை விட்டுவிடு, அவளை விட்டுவிடு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து, கட்டி சுத்தமாக வந்துவிட்டது, பார்த்தவரைக்கும் கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, நரம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். நடையின் கடைசியில் அத்தான் வந்துகொண்டிருந்தார்.

அவருடைய தலையில், பிடரிக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை. ஒட்ட வெட்டப்பட்டுத் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. ஓரம் கோணலாக, பல்லுப் பல்லாக இருந்தது. எங்கள் கடை முழுக்கக் கண்ணாடிகள்தான், ஆனால் தன் பிடரியைத் தானே ஒழுங்காக வெட்டிக்கொள்வது யாராலும் முடியாது. அவர் அப்படி ஒரு வெட்டோடு தெருவில் நடந்து வருவார் என்று என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

“அக்காவுக்கு நல்லபடியா முடிஞ்சுது” என்றேன்.

“தெரியும்” என்றார்.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பின்னறைக் கதவு திறந்தே இருந்தது. இழுப்பறையை மொத்தமாக இறக்கித் தரையில் வைத்துவிட்டு, பூக்குவளை மட்டும் ஹீட்டர்மேல் நின்றது. நாற்று நிமிர்ந்திருந்தது. நுனியில் கறுப்புத் தொப்பி. குவளையின் மண்ணைப் புதிதாக அழுத்தியிருந்தார்கள். மண்ணிலிருந்து குட்டைக் குட்டையாக நரைமுடி நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

அக்கா கழுத்தில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். மெல்ல மெல்லக் குரல் திரும்பியது, சண்டையும் திரும்பியது. அத்தானுக்கு முதலில் கழுத்துப் பிடிப்பு என்றார்கள். தைலம் தேய்த்தோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். அக்காவின் தழும்பு ஆற ஆற, அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதே டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, நரம்பில் ஒன்றும் இல்லை. “தொழில் அப்படி” என்றார் டாக்டர். அத்தான் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க, தொழில் அப்படி” என்றார்.

அந்த வருஷம் எல்லா நாற்றையும் சுவரோரம் நட்டார். பூக்குவளையில் இருந்ததை மட்டும் ஒரு சோப்புத்தூள் வாளிக்கு மாற்றி, கண்ணாடிக்கு எதிரில் வைத்தார். அதன் நுனியை ஒருநாளும் நறுக்கவில்லை. இப்போது அதற்கு இரண்டாம் வருஷம். தண்டு என் மணிக்கட்டுப் பருமன். நடுவிலிருந்து ஒரு காம்பு ஆள் தோள் உயரத்துக்குக் கம்பிபோல எழுந்து, உச்சியில் மூடின மொட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம்கூடச் சாயவில்லை. ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணாடியைப் பார்க்கிறது. மேலே அக்கா நடந்தால் கீழே மொட்டு அசைகிறது. பழைய கட்டடம், பலகைத் தளம். அப்படித்தான் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தான் தன் முடியை அவள் குவளையில் போட்டது அக்காவுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை என்று நான் இருந்துவிட்டேன். போன வாரம் காலையில் துண்டோடு இறங்கியபோது, அவள் வாளிக்கு முன்னால் காய்கறிக் கத்தியோடு நின்றாள். அத்தான் ஸ்டூலில் இருந்தார்.

“இதைப் பிடுங்கிட்டா உங்க கழுத்து நிமிருமா?”

“தெரியாது.”

“பிடுங்கிப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“உனக்கு என்ன ஆகும்னும் தெரிஞ்சிடும்” என்றார் அத்தான். “கத்தியை வை. எனக்குக் கீழே பாத்துப் பழக்கம்தான். ஆயுசு பூரா அடுத்தவன் தலையைத்தானே பாத்தேன்.”

“என் மூஞ்சியைப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு உங்களுக்கு?”

அத்தான் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து, ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், அத்தானுக்கு அவளே டீ கொண்டுவருகிறாள். அதுவரை அவர் உறிஞ்சு குழல் போட்டுத்தான் குடித்துக்கொண்டிருந்தார். இன்று காலையும் கொண்டுவந்தாள். அவர் நறுக்கி முடித்துக் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் எதிரில் நின்று, இரண்டு விரலை அவர் தாடைக்கு அடியில் வைத்தாள். அழுத்தவில்லை.

“தலையை நேரா வைங்க” என்றாள்.

தலை எழுந்தது. மெதுவாக, மண்ணிலிருந்து உருவிக்கொண்டு வருகிற மாதிரி. கண்ணாடியைத் தாண்டி, அவள் கழுத்துத் தழும்பைத் தாண்டி, அவள் முகத்துக்கு வந்து நின்றது. அவள் மற்றக் கையால் டீயை அவர் உதட்டில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தார். வாளியில் இருந்த மொட்டு ஒரு தடவை ஆடியது. கதவு சாத்தித்தான் இருந்தது. ஷட்டருக்கு வெளியே யாரோ வந்து நின்று செருமினார்கள். டீ தீர்ந்துவிட்டது. அக்கா குவளையைப் பலகையில் வைத்தாள். விரலை எடுக்கவில்லை.